பிழைத் தொடக்கம்

கீல் உடைந்த சாப்பாட்டுப் பெட்டியில்
ஒரு ரிவால்வர் கொண்டு வந்தா யோகவதனி மிஸ்.
குழல் மட்டும் தனியாக, பழைய துவாயில் சுற்றி.
கூடவே மூன்று கடிதம்:
அதிபர், வலயக் கல்விப் பணிமனை, பொலிஸ்.
துளை இல்லாத குழல் என்றால் மட்டும்
என்று மூன்றாவதில் சிவப்புப் பேனாக் கோடு.

வெள்ளைக்காரக் காட்டிலாகாத் துரை ஒருத்தர்
பள்ளிக்கூடத்துக்கு விட்டுப்போன சாமானாம்.
எண்பத்தைந்தில் யாரோ கிணற்றில் போட்டது,
போன வருஷம் சேறு அள்ளும்போது வாளியில் வந்ததாம்.
"இவ்வளவு காலமும் விசில்தான் சேர்.
கச்சான் காத்து அதைத் தூக்கிக் கடலுக்குக் கொண்டு போகுது.
கடைசி லேன் பிள்ளைக்கு ஒண்டும் கேக்காது."

கல்லடியில் என்ட லேத்துக்கு வருவதெல்லாம்
இறால் பண்ணைப் பம்புத் தண்டு,
லாண்ட்மாஸ்டர் அச்சு, நெல் மில்லுப் புஷ்.
அந்த இரும்பைத் தூக்க முதல்
சாரத்தில் இரண்டு தரம் கை துடைத்தேன்.
துடைத்தது எண்ணெயை இல்லை.

பழைய இங்கிலீசுப் புரி.
என்னிடம் இருந்த ஒன்றும் அதோடு சேரவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பல்லுப் பல்லாய் எண்ணி,
அரைநாள் கியர் மாற்றி வெட்டி எடுத்தேன்.
துளை போடவில்லை.
குழல் என்று பேர், உள்ளே முழு இரும்பு.

மறுகா பூட்டினேன்.
கிறுகிக் கிறுகிப் போய் இறுகி நின்ற இடத்தில்
முன்குறி பதினொரு மணியைக் காட்டியது.
பன்னிரண்டில் நிற்க வேண்டும், நேர் உச்சியில்.
தேத்தண்ணியோடு வந்த றாபிக் காக்கா கேட்டார்:
"குண்டு போகாத துவக்குக்குக் குறி என்னத்துக்கு?"
கேள்வி சரிதான்.
ஆனாலும் கோணல் வேலை என் கடைவாசல் தாண்டாது காக்கா.

குழலின் தோளில் ஒரு மயிரளவு சீவல்.
பூட்டினால் பதினொன்றே கால்.
கழற்றிச் சீவினால் பதினொன்றரை.
தொண்ணூறில், பதினொன்றரைக்கு
அம்மா குப்பிலாம்பை ஊதி அணைத்தா.
முக்காலுக்கு நாய்கள் குரைத்தன,
மறுகா எல்லாம் ஒன்றாக நிறுத்தின.
இன்னும் ஒரு சீவல்.
பன்னிரண்டு.
கையை எடுத்துக்கொண்டேன்.

பின்வளவு முருங்கையடியில் ஒரு வெடி போட்டுப் பார்த்தேன்.
எதிர்க்கடை ஷட்டர் பாதியில் விழுந்தது.
"சொல்லிட்டுச் செய்யேன் மனே!"
மேசைக்குக் கீழிருந்து காக்காவின் ஏச்சு, பிறகு சிரிப்பு.
கையில் இருந்த கிளாஸில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.
பழக்கம்.

விளையாட்டுப் போட்டிக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.
கொட்டகையில் கதிரை, நெஞ்சில் ரிபன் பூ,
சோடா குடிக்க மஞ்சள் ஸ்ட்ரோ.
பதினாலு வயதுக்குக் கீழ், நூறு மீற்றர்.
மிஸ் கையை உயர்த்தினா.
மூன்றாம் லேன் பொடியன் முந்திப் பாய்ந்துவிட்டான்.
ஒரு வெடி,
உடனே அடுத்தது.

நான் கதிரைக்குக் கீழ்.
கொட்டகையில் பாதிப் பேர் எனக்குப் பக்கத்தில்,
பொறுப்பாசிரியர், சிற்றுண்டிச்சாலைக்காரி, யாரோ ஒரு ஃபாதர்.
பிள்ளைகள் மட்டும் இடுப்பில் கைவைத்து
ஒருத்தனை ஒருத்தன் நக்கலடித்துக்கொண்டு
கோட்டுக்குத் திரும்பி நடந்து வருகிறார்கள்.

"ரெண்டாவது வெடி எண்டா
திரும்பி வா எண்டு அர்த்தம் அங்கிள்,"
என் கழுசானில் மண்ணைத் தட்டிவிட்டபடி
ஒரு சாரணப் பொடியன் சொன்னான்.

அப்படியா மனே.
என்ட தம்பி அருள்ஞானம் முதல் வெடிக்கு ஓடினவன்.
வாவிப் பக்கமாக, செருப்பும் போடாமல்.
அதுக்குப் பிறகு எவ்வளவோ கேட்டது அண்டைக்கு.
இரண்டாவது எது என்று
நான் கவனிக்கவில்லை.

கோட்டில் திரும்பவும் குனிந்து நிற்கிறார்கள்.
மூன்றாம் லேன்காரனுக்கு ஒரு எச்சரிக்கை.
மிஸ் கையை உயர்த்துகிறா.
வெயிலில் இங்கிருந்தே தெரிகிறது,
குறி நேராகத்தான் நிற்கிறது.